சொறியைச் சொறா என்று கத்தியவன்

மேலே போன பிறகும் என்னைக் கிண்டல் பண்ணிக்கொண்டுதான் இருப்பீர்கள் என்று நான் நம்பும் அருமைச் சம்பந்தி கஜேந்திரனுக்கு, வேங்கிக்காலிலிருந்து ஏழுமலை எழுதுவது.

பேனாவை எடுத்ததும் கை தானாகவே 'அனுப்புநர், பெறுநர், பொருள்' என்று எழுதிவிட்டது. இருபத்திரண்டு வருஷமாகக் கலெக்டர் ஆபீசுக்கு எதிரில் ஜெராக்ஸ் மெஷின் ஓட்டிக்கொண்டு, வருகிறவர்களுக்கு மனு எழுதிக் கொடுக்கிறவனுக்கு வேறு எப்படி வரும்? பெறுநர் என்ற இடத்தில் உங்கள் பெயரை எழுதினேன். விலாசம் எழுத வேண்டிய இடத்தில் பேனா நின்றுவிட்டது. அந்தத் தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு வேறு தாளில் எழுதுகிறேன்.

பொருள் மட்டும் மாறவில்லை. உங்கள் மருமகள், அதாவது என் மகள் ரேவதி, பதினெட்டு நாளாக எங்கள் வீட்டில் இருக்கிறாள். உங்கள் குப்பத்தில், உங்கள் மகன் விக்னேஷோடு இருக்க வேண்டியவள். நான்தான் கூட்டி வந்தேன். அதில் தப்பில்லை. அவளைத் திருப்பி அனுப்பாமல் வைத்துக்கொள்ள ஒரு வேலை செய்தேன். அதுதான் தப்பு. இந்த ஊரில் யாரிடமும் அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. உங்களிடம் சொன்னால் நீங்கள் போய் யாரிடமும் சொல்லப் போவதில்லை.

மதியம் மூன்று மணி. பக்கத்து அறையில் படுத்திருக்கிறாள். இடது கையில் மணிக்கட்டிலிருந்து தோள் வரைக்கும், அங்கிருந்து கழுத்துக்கும், சூடான கம்பியை வைத்து இழுத்த மாதிரி கோடுகள். முதலில் சிவப்பாக இருந்தது, இப்போது பழுப்பாகிவிட்டது. இவள் திரும்பக் கடலில் இறங்குவாளா, உங்கள் வீட்டு வாசலுக்கு வருவாளா என்பதுதான் இரண்டு வீட்டிலும் இப்போதைய கேள்வி.

உங்களை முதன்முதலில் பார்த்த நாள் நினைவிருக்கிறதா? உங்கள் பையன் அலையில் பலகை ஓட்டுகிற சர்ஃபிங் கற்றுக்கொடுக்கிறவன், என் மகள் மாமல்லபுரத்தில் ஓர் ஓட்டலில் வரவேற்பு மேஜையில் உட்காருகிறவள். இரண்டு பேரும் சேர்ந்து முடிவெடுத்துவிட்டார்கள். நான் முடியவே முடியாது என்று சொல்லிவிட்டு, ரொம்பக் கோபக்காரன் மாதிரி நடித்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் நீங்கள் செங்கல்பட்டில் பஸ் மாறி, என் கடைக்கு முன்னால் வந்து இறங்கினீர்கள். கையில் ஐஸ் பெட்டி. உள்ளே அஞ்சு கிலோ வஞ்சிரம்.

அன்றைக்குப் பௌர்ணமி. ஊரே மலையைச் சுற்றிக்கொண்டிருக்கிறது. என் வீட்டுக்காரி செல்வி பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு அப்படியே மூடினாள்.

"ஏங்க, பௌர்ணமி அதுவுமா மீனா?"

நீங்கள் சளைக்கவில்லை. "அய்யய்யோ, எங்களுக்குப் பௌர்ணமின்னா தண்ணி ஏறும்னு மட்டுந்தாம்மா தெரியும். மீன் ஏறக்கூடாதுன்னு யாரும் சொல்லலையே" என்றீர்கள்.

செல்வி சிரித்துவிட்டாள். வீட்டுக்காரி சிரித்த பிறகு வீட்டுக்காரன் கோபத்துக்கு என்ன மரியாதை? வஞ்சிரம் எதிர்வீட்டு ரஹீம் பாய் ஃப்ரிட்ஜில் போய் உட்கார்ந்தது. மறுநாள் நாம் கல்யாணத்துக்குத் தேதி பார்த்தோம், ரஹீம் பாய் வீட்டில் மீன் வறுத்தார்கள். இதுவரைக்கும் அந்த வஞ்சிரத்தைப் பற்றி எங்களிடம் பெருமையாகப் பேசிக்கொண்டிருக்கிறார். நாங்கள் ஒரு துண்டு கூடப் பார்க்கவில்லை.

அதற்குப் பிறகு உங்கள் கரைக்கு வரும்போதெல்லாம் நான் ஈரம் படாத தூரத்தில் நிற்பேன். "மலைய சுத்துறவருக்கு கடல பாத்தா தல சுத்துதா சம்பந்தி?" என்று கேட்பீர்கள். "எங்க மலை சத்தம் போடாம ஒரே எடத்துல நிக்குது. உங்க கடல் ஏன் இவ்ளோ கத்துது?" என்று நானும் விடமாட்டேன். இத்தனை வருஷம் கடலுக்குப் போய் வந்தவரைக் கடல் ஒன்றும் செய்யவில்லை. குழாயடியில் பல் விளக்கிக்கொண்டிருந்தவர் அப்படியே உட்கார்ந்துவிட்டீர்கள். இதற்கு யார்மேல் மனு போடுவது?

ரேவதி பலகையில் நிற்கக் கற்றதை நீங்கள் பார்த்துவிட்டுத்தான் போனீர்கள். நீங்கள் போன பிறகு அவள் ஓட்டல் வேலையை விட்டுவிட்டு, குப்பத்துப் பெண் பிள்ளைகள் எட்டுப் பேருக்கு அலையில் நிற்கச் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தாள். கடற்கரையிலேயே பிறந்த பிள்ளைகள், தண்ணீரில் இறங்க வீட்டில் விட்டதில்லையாம். இவளை நம்பி விட்டார்கள். கிணற்றை எட்டிப் பார்த்தாலே நான் சட்டையைப் பிடித்து இழுத்து வந்த பெண், அவர்களுக்கெல்லாம் டீச்சர்.

சாயங்காலம் ஆனால் போன் வரும்.

"பா, இன்னிக்கு ஆமை வந்துச்சு பா. பலகைக்குப் பக்கத்துல தலைய தூக்கி என்னையே பாத்துச்சு."

"நீ இன்னா பண்ண?"

"வணக்கம் சொன்னேன்."

ஆமை பரவாயில்லை. காலுக்கடியில் முறம் அகலத்துக்குத் திருக்கை போனதையும் தாங்கிக்கொண்டேன். ஒருநாள் சொன்னாள்: "பா, காலுல கட்டியிருப்போமே, அந்தக் கயித்துல ஒரு பாம்பு சுத்திக்கிச்சு பா. கறுப்பும் வெள்ளையும் பட்ட பட்டையா. அசையாம உக்காந்துட்டேன். அதுவா போயிடுச்சு."

"எவ்ளோ நேரம்?"

"ரெண்டு அலை போற நேரம்."

அன்றைக்கு நான் எழுதிய ஒரு மனுவில் 'வாரிசுச் சான்றிதழ்' என்பதைப் 'பாம்புச் சான்றிதழ்' என்று எழுதிவிட்டேன். அந்தம்மா அதைக் கொண்டுபோய்க் கொடுத்தும்விட்டார். ஆபீசில் சிரித்தார்களாம். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவளை அங்கிருந்து எப்படிக் கிளப்புவது என்ற எண்ணம் அன்றைக்கே உள்ளே வந்து உட்கார்ந்துவிட்டது என்று இப்போது தோன்றுகிறது. உங்களிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது?

அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன்.

நான் மட்டும்தான் வந்திருந்தேன். காலை ஏழரை மணிக்கே சித்திரை வெயில் மண்டையைப் பிளக்கிறது. குடை, தொப்பி, இரண்டு லிட்டர் தண்ணீர் பாட்டில் எல்லாவற்றோடும் கல்யாணத்துக்கு வந்தவன் மாதிரி மணலில் நின்றிருந்தேன். பிள்ளைகள் இன்னும் வரவில்லை. ரேவதியும் விக்னேஷும் மட்டும் அலை உடைகிற இடத்தைத் தாண்டி, பலகைமேல் உட்கார்ந்து அடுத்த அலைக்குக் காத்திருந்தார்கள். இவனுக்கும் அவளுக்கும் நடுவில் ஐம்பது அடி இருக்கும்.

திடீரென்று விக்னேஷ் எழுந்து முட்டி போட்டுக் கையை ஆட்டினான். எதையோ கத்தினான். காற்று எதிர்க்காற்று. பாதிதான் வந்து சேர்ந்தது. என் காதில் விழுந்தது 'சொறா'.

சம்பந்தி, அவன் சொன்னது 'சொறி'.

சொறி என்றால் எங்கள் ஊரில் நாய்க்கு வருவது. கண்ணாடிக் கிண்ணம் மாதிரி மிதந்து, நூல் நூலாகக் காலைத் தொங்கவிட்டுக்கொண்டு வருகிற ஜெல்லி மீனுக்கு உங்கள் பக்கத்தில் அதுதான் பேர் என்று எனக்கு எப்படித் தெரியும்? சொறா தெரியும். சொறாப் புட்டு தின்றிருக்கிறேன். அது திருப்பித் தின்னும் என்பதும் தெரியும்.

விக்னேஷ் கை காட்டியது தெற்குப் பக்கம். அந்தப் பக்கமாக மெதுவாக ஒதுங்கிப் போனால் சொறிக் கூட்டத்தைச் சுற்றிக்கொண்டு கரைக்கு வந்துவிடலாம். ரேவதிக்கு அது புரிந்துவிட்டது. பலகையைத் திருப்பவும் தொடங்கிவிட்டாள். அப்போதுதான் நான் குடையை வீசிவிட்டு, இத்தனை வயசில் ஒருநாளும் கத்தாத கத்தலைக் கத்தினேன்.

"சொறா! சொறா! ரேவதி, சொறா வருதுடி! ஓடி வாடி!"

ஓடி வரவாம். தண்ணீரில். இப்படி ஒரு தகப்பன்.

காற்று என் பக்கமிருந்து அடித்ததால் என் குரல் மட்டும் நன்றாகப் போய்ச் சேர்ந்தது. அப்பன் அப்படிக் கத்தினால் எந்தப் பிள்ளைதான் தெற்கா வடக்கா என்று யோசிக்கும்? பலகையில் குப்புறப் படுத்து நேராக என்னைப் பார்த்துத் துழாவினாள். பின்னால் வந்த அலை அவளைத் தூக்கிக் கவிழ்த்தது. பலகை மட்டும் மேலே வந்தது. அவள் வரவில்லை.

நான் எண்ணவில்லை. எண்ணியிருந்தால் இரண்டு, மூன்று நொடிதான் இருக்கும் என்று விக்னேஷ் சொல்கிறான். அவன் கணக்கு அவனுக்கு.

தலை தெரிந்தது. அவள் போட்ட சத்தத்தை எழுத எனக்கு எழுத்து இல்லை. விக்னேஷ் போய் அவளை அள்ளிப் பலகையில் போட்டு, கரைக்குத் தள்ளிக்கொண்டு வந்தான். இடது கையிலும் கழுத்திலும் அந்த நூல்கள் ஒட்டிக்கொண்டு கிடந்தன. நான் ஓடினேன். பாட்டில் என் கையில்தான் இருந்தது.

விக்னேஷ் மூச்சிரைக்கக் கத்தினான்: "மாமா, நல்ல தண்ணி ஊத்தாதீங்க!"

எனக்குக் கேட்டது, "மாமா, நல்லா தண்ணி ஊத்துங்க."

நல்லாவே ஊற்றினேன். இரண்டு லிட்டரும் ஊற்றினேன். அந்த நூலில் நல்ல தண்ணீர் பட்டால் மிச்சமிருக்கிற விஷத்தையும் சேர்த்துக் கொட்டுமாம், கடல் தண்ணீரால்தான் கழுவ வேண்டுமாம். ரேவதி இரண்டாம் முறை போட்ட சத்தத்துக்குக் காரணம் கடலில்லை, நான். விக்னேஷ் என் கையிலிருந்து பாட்டிலைப் பிடுங்கி எறிந்தான். மருமகன் மாமனார் கையைத் தட்டிவிட்டது தப்பு என்று அந்த நேரத்திலும் எனக்குத் தோன்றியது பாருங்கள். மனுஷ புத்தி.

ஃபிரைடு ரைஸ் கடைக்காரர் விஷத்தை அடக்க வினிகர் பாட்டிலோடு ஓடி வந்தார். உங்கள் வீட்டம்மா வந்தார். ரேவதியின் உதடு வீங்கியது. மூச்சு விடும்போது விசில் மாதிரி ஒரு சத்தம். ஆட்டோவில் அவள் தலை என் மடியில் இருந்தது, "பா, மூச்சு வரல பா" என்று இரண்டு தரம் சொன்னாள். அப்புறம் சொல்லவில்லை. சொல்லாததுதான் பயமாக இருந்தது. ஆட்டோக்காரர் ஹாரனிலிருந்து கையை எடுக்கவேயில்லை. நான் அவள் விலாவையே பார்த்துக்கொண்டு வந்தேன், ஏறுகிறதா, இறங்குகிறதா என்று.

ஆஸ்பத்திரியில் ஊசி போட்டு, மூக்கில் காற்றுக் குழாய் வைத்தார்கள். பதினோரு மணி சுமாருக்கு விசில் சத்தம் நின்றது. உங்கள் வீட்டம்மா என் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். நான் கத்தியதைக் குப்பமே கேட்டிருக்கிறது. "சட்டையெல்லாம் ஈரம் சம்பந்தி. வெயில்ல போய் நில்லுங்க" என்று மட்டும் சொன்னார்.

மறுநாள் காலையில் டாக்டர் அம்மா என்னைக் கூப்பிட்டார். சின்னப் பெண், நம் ரேவதி வயசுதான் இருக்கும். விக்னேஷ் மருந்து வாங்கப் போயிருந்தான். அறையில் நான் மட்டும்.

"மறுபடியும் கொட்டினா ஜாஸ்தியாவே ஆகலாம்ங்க, அதனால ஜாக்கிரதை. மூணு வாரம் தண்ணியில எறங்க வேணாம். அப்புறம் கை, கால், கழுத்து மூடுற டிரஸ் போட்டுக்கிட்டு, சொறி இல்லாத நாளா பாத்து எறங்கட்டும். மூச்சு திணறினா ஒடனே கூட்டிட்டு வாங்க." இதையே சீட்டிலும் எழுதிக் கொடுத்தார்.

வெளியே வந்தேன். விக்னேஷ் மருந்துக் கவரோடு நின்றிருந்தான். "மாமா, டாக்டர் இன்னா சொன்னாங்க?"

நான் சொன்னேன்: "இனிமே கடல்ல இறங்க அனுமதிக்க இயலாதுன்னு சொல்லிட்டாங்க மாப்ள."

யோசித்துச் சொல்லவில்லை. வாயைத் திறந்தேன், அது தயாராக இருந்தது. அவன் அப்படியே நம்பிவிட்டான். கவரை இந்தக் கைக்கும் அந்தக் கைக்கும் மாற்றினான். அவ்வளவுதான். சீட்டை மடித்து என் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். 'உடம்பு தேறட்டும்' என்று சொல்லி அடுத்த நாள் அவளைப் பஸ் ஏற்றிவிட்டேன்.

அந்தச் சீட்டு இப்போது கடையில் லேமினேஷன் மெஷினுக்கு அடியில் இருக்கிறது. எந்தக் காகிதம் வந்தாலும் 'எதுக்கும் ரெண்டு காப்பி எடுத்து வச்சிக்கோங்க' என்று ஊருக்கெல்லாம் புத்தி சொல்கிறவன், அதை ஒரு காப்பிகூட எடுக்கவில்லை.

விக்னேஷ் தினமும் போன் பண்ணுகிறான். அந்த எட்டுப் பிள்ளைகளும் தண்ணீரில் இறங்குவதை நிறுத்திவிட்டார்களாம். முந்தாநாள் உங்கள் வீட்டம்மா பேசினார். "அவசரமே இல்ல சம்பந்தி. புள்ளைக்கு ஒடம்பு தேறட்டும். அவ பலகை வாசல்ல நிக்குது, தூசி படுதேன்னு தொடச்சி வச்சேன்" என்றார். திட்டியிருந்தால் நான் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பேன். இதற்கு என்ன சொல்வது? நீங்கள் இருந்திருந்தால் என்ன செய்திருப்பீர்கள்? இன்னொரு ஐஸ் பெட்டியோடு வந்து இறங்கியிருப்பீர்களா?

ஒன்று மட்டும் கேட்கிறேன். செத்துப்போகாமல் என் மகள் என் வீட்டில் இருக்கிறாள். அதற்கு நான் ஒரு பொய் சொன்னால்

---

சம்பந்தி, அந்த வரியோடு நிறுத்த வேண்டியதாகிவிட்டது. ரேவதி எழுந்து வந்தாள். தாளைக் கடைக்குக் கொண்டுபோக வைத்திருந்த சாதிச் சான்றிதழ் விண்ணப்பக் கட்டுக்குள் சொருகினேன். நல்ல காலம், யாருக்கும் விற்றுவிடவில்லை. பதினோரு நாள் கழித்து இன்றைக்குத்தான் மிச்சத்தை எழுதுகிறேன். அந்த அரைவரியை முடிக்கப் போவதில்லை. அப்படியே கிடக்கட்டும்.

அடுத்து வந்த திங்கட்கிழமை. குறைதீர்க்கும் நாள், கடையில் கூட்டம். உதவிக்கு ரேவதியும் வந்திருந்தாள். ஒரு பெரியவர் நிலத் தகராறு சொல்லிக்கொண்டிருக்க, நான் எழுதிக்கொண்டிருந்தேன். மெஷினில் தாளை அடுக்கிக்கொண்டே அவள் கேட்டாள்.

"பா, டாக்டரம்மா இன்னா சொன்னாங்க? அவங்க சொன்னத அப்பிடியே சொல்லு."

"அதான் சொன்னேனே. இனிமே கடல்ல இறங்க அனுமதிக்க இயலாதுன்னு."

"இயலாதுன்னா?"

"ஆமா."

"எங்கிட்ட 'கைய தூக்கு கண்ணு, லேசா வலிக்கும்'னு பேசின டாக்டரம்மா, உங்கிட்ட மட்டும் தாசில்தார் மாதிரி பேசினாங்களா?"

நிலத் தகராறுப் பெரியவர் பொக்கை வாயால் சிரித்தார். "புட்டுட்டா பாரு ஒம் பொண்ணு. இன்னாத்தையோ ஒளிக்கிற போல."

"நீங்க சும்மா இருங்க, உங்க மனுவ பாப்போம்" என்றேன். ஆனால் அவர் மனுவில் நான் எழுதி வைத்திருந்ததும் கண்ணில் பட்டது. அவர் சொன்னது 'வரப்ப நவுத்திட்டான்'. நான் எழுதியிருந்தது 'சட்டவிரோதமாக ஆக்கிரமிப்பு செய்ய முயன்றும், அச்சுறுத்தியும்'. அவர் அச்சுறுத்தல் என்று ஒரு வார்த்தை சொல்லவேயில்லை. எழுதிப் பழகிய கை.

லேமினேஷன் மெஷினைத் தூக்கிச் சீட்டை எடுத்து அவளிடம் நீட்டினேன்.

படித்தாள். திருப்பிப் பார்த்தாள், பின்னால் ஒன்றுமில்லை. மறுபடியும் படித்தாள். நான் வாங்கிக்கட்டிக்கொள்ளத் தயாராக நின்றேன். நீ கத்தினதாலதான் எனக்கு இப்படி ஆச்சு என்று அவள் ஒரு தரமாவது சொல்ல வேண்டும் என்று இத்தனை நாளும் எதிர்பார்த்துக்கொண்டிருந்தேன்.

"மூணாவது நாளே எனக்கு சந்தேகம் பா" என்றாள்.

"அப்பவே கேக்கறதுதானே?"

"கேட்டா நீ உண்மைய சொல்லிடுவியோன்னு பயம்."

எனக்குப் புரியவில்லை.

"உண்மைய சொல்லிட்டா நான் திரும்பி எறங்கணும் இல்ல? குளிக்கும்போது கழுத்துல சொம்புத் தண்ணி பட்டாகூட மூச்சு நின்னுடுது பா. இத அவருகிட்ட சொல்லல. அந்தப் புள்ளைங்ககிட்ட எப்பிடி சொல்றது? டாக்டர் வேணான்னுட்டாங்கன்னா ரொம்ப வசதி. நானும் அதுலயே படுத்துக்கிட்டேன்."

சம்பந்தி, நான் அவளைக் கடலிலிருந்து காப்பாற்றுகிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அவள் பயத்துக்குத் தலையணை தைத்துக் கொடுத்துக்கொண்டு இருந்திருக்கிறேன்.

அவள் சீட்டை மெஷினில் வைத்து இரண்டு காப்பி எடுத்தாள். ஒன்றை என் பையில் செருகினாள். விக்னேஷுக்குப் போன் போட்டு, "ஞாயித்துக்கெழம வரேன். எறங்குவேனான்னு தெரியாது. வரேன்" என்றாள். என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை. நானே போனை வாங்கி, நான் சொன்னது பொய் என்று சொன்னேன். "சரிங்க மாமா, மொத வண்டியில வாங்க" என்றான். கோபம் இருந்தது. இருக்க வேண்டியதுதான்.

போன ஞாயிறு காலை. அதே கரை. கடலிலிருந்து திரும்பிய ஆட்கள் இரண்டு பேரிடம் விக்னேஷ் விசாரித்தான். "ரெண்டு நாளா சொறி ஒண்ணும் காணோம்ணே" என்றார்கள். ரேவதி கழுத்து வரைக்கும் மூடிய கறுப்பு உடையில் இருந்தாள். எட்டுப் பிள்ளைகளும் மணலில் வரிசையாக உட்கார்ந்து அவளையே பார்த்தார்கள். முட்டி அளவு தண்ணீரில் அவள் ரொம்ப நேரம் நின்றாள். பிறகு என்னைப் பார்த்துத் திரும்பினாள்.

"பா, நீ இங்கயே நில்லு. எத பாத்தாலும் கத்தாத. நான் கைய தூக்கினா மட்டும் வா."

"நீ கைய தூக்கினா நான் வந்து இன்னா பண்ணப் போறேன்? எனக்குத்தான் நீச்சல் தெரியாதே."

"வந்து நில்லு, போதும்."

போனாள். முதல் அலை முகத்தில் அடித்தபோது நின்றுவிட்டாள். திரும்பிவிடுவாள் என்று நினைத்தேன். திரும்பட்டுமே என்றும் நினைத்தேன், பொய் சொல்ல மாட்டேன். அவள் பலகைமேல் படுத்து, அலை உடையும் இடத்தைத் தாண்டிப் போய் உட்கார்ந்தாள். விக்னேஷ் தள்ளி இடது பக்கம் இருந்தான்.

அப்போது அவளுக்குப் பக்கத்தில் தண்ணீர் கறுத்தது. இரண்டு கை நீளம்கூட இருக்காது. முதுகு ஒன்று மேலே வந்தது. வழவழவென்று, ஆள் நீளத்துக்கும் ஜாஸ்தி. அதன்மேல் முக்கோணமாக ஒன்று. இந்தத் தடவை யாரும் எதையும் சொல்லவில்லை, நான் எதையும் தப்பாகக் கேட்கவில்லை. என் கண்ணாலேயே பார்த்தேன்.

ரேவதி சிலையாகிவிட்டாள். விக்னேஷும் பார்த்துவிட்டான், அவனும் அசையவில்லை. கத்திவிடுவேன் போல இருந்தது. தோளில் கிடந்த துண்டை உருட்டி வாயில் திணித்துக்கொண்டேன். கண் அவள் கையிலேயே இருந்தது. கை தூக்குகிறாளா? இல்லை. அந்த முதுகு உள்ளே போனது. இந்தப் பக்கம் போனது அந்தப் பக்கம் வந்தது. புஸ் என்று ஒரு சத்தம் கரை வரைக்கும் கேட்டது. அவள் இரண்டு கையையும் பலகைமேல் தட்டையாக வைத்திருந்தாள். நான் எப்போது நடந்தேனோ தெரியவில்லை, வேட்டியெல்லாம் நனைந்து இடுப்பளவு தண்ணீரில் நின்றுகொண்டிருந்தேன்.

பின்னால் ஓர் அலை எழும்பியது. ரேவதி திரும்பிப் பார்த்தாள். துழாவினாள். எழுந்தாள். நின்றாள். நின்றபடியே என்னை நோக்கி வந்தாள்.

மணலில் அந்த எட்டுப் பிள்ளைகளும் போட்ட கூச்சலில் என் சத்தம் யாருக்கும் கேட்டிருக்காது. வாயில் துண்டு வேறு. உங்கள் வீட்டம்மா கரையிலிருந்து, "சம்பந்தி, துண்ட சாப்புடாதீங்க, வீட்ல இட்லி இருக்கு" என்றார். நாற்பது நாளில் முதல் கிண்டல் மாதிரி இருந்தது எனக்கு. இருபத்தெட்டு நாள்தான் ஆகியிருந்தது.

அவள் பலகையை இழுத்துக்கொண்டு பக்கத்தில் வந்தாள்.

"இன்னாது அது?"

"ஓங்கியா இருக்கும் பா, டால்ஃபின். சரியா தெரியல. மூச்சு விட்டுச்சு, அந்தத் தண்ணி எம் மூஞ்சில அடிச்சுது."

"பயந்தியா?"

"செத்தேன்."

"அப்ப ஏன் கைய தூக்கல?"

"தூக்கினா நீ வந்துடுவியே பா. உனக்கு நீச்சல் தெரியாதே."

அன்று சாயங்காலம் நான் தனியாகப் பஸ் ஏறினேன். அவள் உங்கள் வீட்டில் இருக்கிறாள். நேற்று இரண்டு பிள்ளைகளை முட்டித் தண்ணீர் வரைக்கும் கூட்டிப் போனாளாம். விக்னேஷ் என்னிடம் இன்னும் அளந்துதான் பேசுகிறான். பேசட்டும், நேரமாகும்.

இப்போது என் வாக்கு. அடுத்த தடவை கையைத் தூக்க வேண்டுமென்று தோன்றினால் என் மகள் என்னை நினைத்துத் தயங்கக் கூடாது. கீழ்பென்னாத்தூரில் செல்வியின் தம்பி கொல்லையில் ஒரு பெரிய கிணறு இருக்கிறது. படிக்கட்டு உண்டு. ஐம்பத்தாறு வயசில், முதுகில் காலி கேனைக் கட்டிக்கொண்டு, வருகிற ஞாயிற்றுக்கிழமை அதில் இறங்குகிறேன். "கேன் மொதல்ல கத்துக்கும்" என்கிறாள் செல்வி. கத்துக்கொள்ளட்டும். அதற்கு அடுத்த ஞாயிறும் இறங்குவேன். கேனை அவிழ்க்கும் வரைக்கும் நிறுத்த மாட்டேன். கரையில் நீங்கள் நின்றிருந்தால் என்னவெல்லாம் சொல்லிச் சிரித்திருப்பீர்கள் என்று எனக்குத் தெரியும். சிரியுங்கள்.

இப்படிக்கு,
இடுப்பளவு தண்ணீர் வரைக்கும் வந்துவிட்ட
உங்கள் சம்பந்தி,
ரேவதி அப்பா ஏழுமலை